கம்பைலருக்குச் சொல்ல வேண்டியவை



சி என்னும் கணிப்பொறி மொழியை 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி. அம்மொழியில் எழுதிய நிரலைப் பொறியின் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். மாற்றுவதோடு அது அமைவதில்லை. வீண் வேலையைக் களையும், இருமுறை வரும் கணக்கை ஒருமுறையே செய்யும், வரிசையையும் மாற்றும்.

எனினும், சி மொழியில் சொல்ல இயலாத கட்டளைகள் சில உண்டு. 1993இல் வெளிவந்த பென்டியத்தில் பொறியின் துடிப்புகளை எண்ணும் கணக்கி ஒன்று அமைந்தது. அதைப் படிக்கும் கட்டளை ஆர்.டி.டி.எஸ்.சி. அதனைச் சி நிரலின் நடுவிலேயே அசெம்பிளி மொழியில் செருகிக்கொள்ளலாம்.

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. 1987இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்ட ஜி.சி.சி. என்னும் கம்பைலர், செருகிய வரியின் பொருளை ஆராய்வதில்லை. அவ்வரி எதைப் பெறுகிறது, எதைத் தருகிறது, எதை அழிக்கிறது என்பவற்றை நாமே எழுதித் தெரிவித்தல் வேண்டும். மேற்சொன்ன கட்டளை, விடையின் கீழ்ப்பாதியை ஈ.ஏ.எக்ஸ். என்னும் ரெஜிஸ்டரிலும், மேற்பாதியை ஈ.டி.எக்ஸ். என்னும் ரெஜிஸ்டரிலும் இடுகிறது. கீழ்ப்பாதி போதுமென்று ஒருவர் முதலாவதை மட்டும் குறிப்பிடுகிறார் என்று கொள்வோம். இரண்டாவதில் கம்பைலர் வேறோர் எண்ணைப் பாதுகாத்து வைத்திருக்கக்கூடும். அது அழிந்துபோகும். செம்மையாக்கம் இல்லாதபோது மாறிகள் பெரும்பாலும் நினைவகத்திலேயே தங்குவதால் பிழை வெளிப்படாமல் இருக்கலாம். செம்மையாக்கத்தை வேண்டியவுடன் விடை தவறும். பழி கம்பைலர்மேல் விழும். பாவம், அதனிடம் எவரும் சொல்லவில்லையே!

இன்னொரு விந்தையும் உண்டு. ஒரு வேலைக்கு எத்தனை துடிப்புகள் செல்லுகின்றன என்றறிய, அதற்கு முன்னும் பின்னும் கணக்கியைப் படிக்கிறோம். இரண்டு வரியும் ஒன்றே; உள்ளீடும் இல்லை. ஆகவே விடையும் ஒன்றே என்று கருதி, கம்பைலர் ஒருமுறை மட்டும் படித்துவிடலாம். கழித்தால் சுழியம்! 'வாலடைல்' என்னும் சொல்லைச் சேர்த்தால் இக்குறை நீங்கும். ஆனால், இடையிலுள்ள வேலையே அவ்விரண்டு வரிகளுக்கு வெளியே நகர்ந்துவிடுவதை அச்சொல் தடுக்காது. நினைவகத்தைப் படிப்பதும் எழுதுவதும் அவ்வரியைக் கடவாதிருக்க, 'மெமரி' என்னும் குறிப்பையும் அழிபடுவனவற்றின் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

லினக்ஸின் கருவில் இக்குறிப்பை மட்டுமே தாங்கிய வெற்று அசெம்பிளி வரி ஒன்று வழங்குகிறது. அதனால் பொறிக்கு ஒரு கட்டளையும் செல்வதில்லை. கம்பைலருக்கு மட்டுமே செய்தி செல்கிறது. ரெஜிஸ்டர்களுக்குள்ளேயே முடிந்துவிடும் கணக்கை அதுவும் கட்டுப்படுத்தாது என்பதை நினைவிற்கொள்க. அத்தகைய கணக்கின் விடையை அசெம்பிளி வரிக்கே உள்ளீடாகத் தந்துவிட்டால், கணக்கு முடியுமுன் அவ்வரியை வைக்கக் கம்பைலருக்கு வழியிராது.