கடற்கரைத் தூண்களிலிருந்து செஞ்சிக்கு

புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் செஞ்சியிலிருந்து வந்தவை. ஏழாம் வகுப்பின் ஒருநாள் சுற்றுலாவை நான் அங்கிருந்தே தொடங்குகிறேன். முந்தைய மாலை மாணவர்கள் தூண் சிற்பங்களை வரைவார்கள்; மறுநாள் செஞ்சிக் கோட்டையின் வேங்கடரமணர் கோயிலில் அதே வேலைப்பாட்டைத் தேடுவார்கள்.

முதல் முறை உச்சி வெயிலில் எல்லோரையும் ராஜகிரியில் ஏற்றினேன். மலை ஏறத்தாழ 800 அடி. பாதி வழியில் ஒரு மாணவி மயங்கிவிட்டாள், அனைவரும் இறங்கினோம். தவறு என்னுடையது. இப்போது விடியும் முன்பே பேருந்து புறப்படும். தூரம் சுமார் 70 கி.மீ. கோட்டை திறந்ததும் ஏறுவோம். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். சோற்றுப் பொட்டலங்கள் பேருந்திலேயே இருக்கும், குரங்குகள் விடாது! தொடக்க வகுப்பினருக்கு மலை வேண்டாம். கல்யாண மகால், நெற்களஞ்சியம், குளம், புல்வெளி ஆகியவற்றுக்கே அரை நாள் போய்விடும். 15 வயதுக்குட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

உச்சிக்குச் சற்று முன்பு, பிளவின்மேல் ஒரு சிறு பாலம். 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இக்கோட்டையை ஒரே இரவில் பிடித்ததை அங்கே நின்றுதான் சொல்வேன். “இந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் எப்படி சார் வந்திருப்பாங்க?” என்றான் ஒருவன். அடுத்த இரண்டு வரலாற்றுப் பாடவேளைகள் அந்தக் கேள்விக்கே போயின.