ரெண்டு லட்சத்துக்கு ஜப்பான் மினி டிராக்டர்... வாங்கலாமா, விட்டுடலாமா?

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்ல 'மினி டிராக்டர்'னு ஒரே ஒரு தடவை தேடிப் பாருங்க. அடுத்த ஒரு வாரத்துக்கு மொபைல் முழுக்க டிராக்டர்தான் வரும். அதுல ஒரு வகை மட்டும் கண்ணை இழுக்கும். சின்ன சைஸ், நாலு சக்கரமும் இழுக்கும், பானெட்டில் ஜப்பானிய எழுத்து, விலை புது வண்டியில் பாதிதான். கடைசி வரியில் மட்டும், 'ஆர்.சி கிடையாது, தோட்ட வேலைக்கு மட்டும்' என்று இருக்கும்.

கள்ளக்குறிச்சி பக்கம் இந்த விளம்பரத்தைச் சும்மா ஸ்க்ரோல் பண்ணிப் போய்விட முடியாது. கீழே சமவெளியில் கரும்பு, நெல், மக்காச்சோளம். மேலே கல்வராயன் மலையில் மரவள்ளி, சாமை. ரெண்டு இடத்திலும் பலருக்கு ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர்தான். மழை பெய்த மறுநாள் ஊருக்கே ஒரே நேரத்தில் உழவு வேணும். வாடகை டிராக்டர் நம்ம முறைக்கு வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடும். 'சொந்தமா ஒரு சின்ன வண்டி இருந்தா...' என்று அப்பா சொல்வார், மொபைலில் தேடுவது நாமாக இருப்போம். அதனால், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் இங்கே பார்த்துவிடலாம்.

கிரே மார்க்கெட்னா என்ன?

கள்ளச்சந்தை வேறு, கிரே மார்க்கெட் வேறு. கிரே மார்க்கெட்டில் விற்கப்படும் பொருள் ஒரிஜினல்தான், திருட்டுப் பொருளாகவோ போலியாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அதைத் தயாரித்த கம்பெனி இந்த நாட்டில் விற்பதற்காக அனுப்பியதல்ல. வேறொரு நாட்டுக்காகச் செய்ததை யாரோ ஒரு வியாபாரி வேறு வழியில் கொண்டுவந்து விற்கிறார். டிராக்டர் விஷயத்தில் அந்த வேறொரு நாடு பெரும்பாலும் ஜப்பான்.

ஜப்பானில் வயல்கள் சின்னது. அதற்காகவே குபோட்டா, யான்மார், இசேகி மாதிரி கம்பெனிகள் பல பத்தாண்டுகளாகக் குட்டி டிராக்டர்களைச் செய்துகொண்டே இருக்கின்றன. அங்கே விவசாயிகளுக்கு வயதாகிறது, பலர் தொழிலை விடுகிறார்கள், வண்டிகள் மிஞ்சுகின்றன. மிஞ்சியவை கப்பலேறி தாய்லாந்து, வியட்நாம், இலங்கை என்று பல நாடுகளுக்குப் போகின்றன. இலங்கையில் 'ரீகண்டிஷன்' வண்டி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரே பேர், வேற வண்டி

'குபோட்டாதானே, இங்கேயே டீலர் இருக்காங்களே, பார்ட்ஸ் கிடைச்சிடும்' என்பதுதான் வாங்குபவர்களின் முதல் சமாதானம். இதே கேள்வி அமெரிக்காவில் கோர்ட் வரை போனது. ஜப்பானில் ஓடிய பழைய குபோட்டா டிராக்டர்களை வியாபாரிகள் அங்கே இறக்கி விற்றார்கள். குபோட்டா கம்பெனியே அதை எதிர்த்தது. 1997-ல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் அந்த இறக்குமதிக்குத் தடை போட்டது. 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைச் சரி என்றது.

அதற்குச் சொன்ன காரணங்கள் நமக்கும் பொருந்தும். வண்டியில் இருந்த எச்சரிக்கை, இயக்கும் குறிப்பு எல்லாமே ஜப்பானிய மொழியில் இருந்தன. அந்த மாடல்களுக்கான பார்ட்ஸும் சர்வீஸும் உள்ளூர் டீலர்களிடம் இல்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும், வாங்குபவருக்குக் கிடைப்பது வேறு பொருள் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

இங்கே உள்ள டீலர், இந்தியாவில் விற்கும் மாடலுக்குத்தான் பார்ட்ஸ் வைத்திருப்பார். 30 வருடத்துக்கு முன் ஜப்பானுக்காகச் செய்த வண்டியின் ஹைட்ராலிக் பம்ப்போ, முன் ஆக்ஸில் சீலோ கேட்டால் அவர் லிஸ்டிலேயே இருக்காது. டயர் சைஸும் வேறாக இருக்கும். சில வண்டிகளில் கருவி மாட்டும் மூன்று முனை அமைப்பே நம்ம ஊர் ரோட்டவேட்டருக்கு ஒத்துவராது. லேத்தில் கொடுத்துப் புதிதாகச் செய்யலாம்தான். ஆனால் அதற்கு ஆகும் பத்து நாளில் பருவம் போய்விடும்.

'தோட்டத்துக்குள்ள ஓட்ட ஆர்.சி எதுக்கு ப்ரோ?'

விற்பவர்கள் இதைச் சாதாரணமாகக் கேட்பார்கள். பலர் நம்பியும் விடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு, பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்திலும் 'வேறு எந்த இடத்திலும்' ஓட்டக் கூடாது என்கிறது. ஆக, சொந்தத் தோட்டம் என்பது சட்டப்படி ஒரு பதில் கிடையாது. நடைமுறையிலும் பாருங்க, ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக ஒரு ரோட்டையாவது தாண்டித்தானே ஆகணும்?

'அப்புறம் ஆர்.சி போட்டுக்கலாம்' என்பது அடுத்த வாக்குறுதி. இந்தியாவில் ஒரு டிராக்டர் மாடலைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், தயாரிப்பாளர் அந்த மாடலை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை மையத்தில் தேர்ச்சி பெற வைத்திருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிறுவனம் அப்படிப்பட்ட ஓர் இடம். பழைய வாகனங்களை இறக்குமதி செய்யவும் வயது வரம்பு உட்பட கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. இந்தப் பரிசோதனைக்கே போகாத பழைய ஜப்பான் மாடலுக்குப் பிறகு ஆர்.சி வாங்குவது, சொல்வது மாதிரி சுலபமில்லை.

உண்மையான ஆபத்து அபராதத்தில் இல்லை, விபத்தில் இருக்கிறது. பதிவு இல்லாத வண்டிக்கு முறையான இன்ஷூரன்ஸ் கிடைக்காது. வண்டி யார் மேலாவது மோதி உயிர் போனால், தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு லட்சக்கணக்கில் இருக்கும். கட்ட இன்ஷூரன்ஸ் கம்பெனி இல்லையென்றால் அது உங்கள் தலையில்தான் விழும். ஒன்றரை லட்சம் மிச்சம் பிடித்த வண்டி, இருக்கிற ரெண்டு ஏக்கரையும் கேட்கும்.

ஆர்.சி இருக்கிற செகண்ட் ஹேண்ட் வண்டியா?

சரி, ஜப்பான் வண்டி வேண்டாம், உள்ளூர் மினி டிராக்டரே பழசாக வாங்கலாம் என்றால், அது நல்ல யோசனைதான். மஹிந்திரா யுவராஜ், ஸ்வராஜ் 717, வி.எஸ்.டி சக்தி, குபோட்டா நியோஸ்டார் என்று 15-லிருந்து 27 ஹெச்.பி வரை இங்கேயே நிறைய ஓடுகின்றன. ஆனால் இதிலும் பேப்பர் பார்க்காமல் வாங்கினால் அதே சிக்கல்தான்.

* எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு, ஆர்.சி உயிரோடு இருக்கா, இன்ஷூரன்ஸ் இருக்கா, கடன் பாக்கி இருக்கா என்று பாருங்க.
* கடனில் வாங்கிய வண்டி என்றால், ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும், கடன் நீக்கத்துக்கான படிவம் 35-ம் வேண்டும். 'சீஸ் பண்ண வண்டி' என்றால், விற்கும் உரிமைக்கான கடிதத்தை அந்த கம்பெனியிடமிருந்தே வாங்குங்க, புரோக்கர் எழுதித் தரும் பத்திரம் போதாது.
* பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28-ம் சேரும்.
* சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டும் ஆர்.சி-யோடு ஒத்துப்போகணும். பெயின்ட் புதுசா இருக்கிற இடத்தில் பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்துப் பாருங்க.
* டிரெய்லரும் சேர்த்து வாங்கினால், அதற்குத் தனிப் பதிவு இருக்கணும்.
* மானியத்தில் வாங்கிய வண்டியா என்று கேளுங்க. குறிப்பிட்ட காலத்துக்குள் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்துவிட்டால் பொறுப்பு போய்விடாது. விபத்து நடந்தால், ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது...

தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போங்க. நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடுங்க. சூடான இன்ஜின் எல்லா நோயையும் மறைக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்க. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் பம்ப், நாசில், கம்ப்ரஷன், தண்ணீர் கசிவு என எதுவும் இருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருதா? ரிங், பிஸ்டன் வேலை காத்திருக்கு. லிஃப்ட்டில் ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைங்க. கொஞ்ச நேரத்திலேயே சரசரவென இறங்கினால் ஹைட்ராலிக் செலவு உண்டு. அவர் மீட்டரை மட்டும் நம்பாதீங்க. கிளட்ச் பெடல், ஸ்டீயரிங், சீட் தேய்ந்த அளவு அதைவிட உண்மை பேசும். கடைசியாக, கொஞ்சம் மண்ணை உழுது காட்டச் சொல்லுங்க. களத்தில் சும்மா ஓட்டிக் காட்டுவது டெஸ்ட் ஆகாது.

மலைக்கு வேற கணக்கு

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுகிற ரோட்டில் போனவர்களுக்கு அந்த வளைவுகள் தெரியும். குட்டி டிராக்டர் எடை குறைவு, அகலம் குறைவு. சமவெளியில் அதுதான் வசதி. சரிவில் அதுவேதான் ஆபத்து. குறுக்காக ஓட்டினால் சீக்கிரம் கவிழும். பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றில் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் ரோல் பார் கிடையாது.

மரவள்ளி மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு இறங்கும்போது, வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவது டிரெய்லர்தான். நியூட்ரலில் இறக்கவே கூடாது. டிராக்டரில் இடது, வலது சக்கரத்துக்கு பிரேக் பெடல் தனித்தனி. வயலில் திரும்ப அது உதவும். ரோட்டில் ரெண்டையும் சேர்த்து லாக் போடாவிட்டால், பிரேக் பிடித்த நொடியில் வண்டி ஒரு பக்கம் இழுத்துவிடும்.

வேலைக்கு வண்டி பொருந்துமா என்பதும் முக்கியம். மரவள்ளியை வழக்கமாக 90 செ.மீ இடைவெளியில் நடுவார்கள். மினி டிராக்டரின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவு. நடவுக்கு முன் உழலாம், நட்ட பிறகு களையெடுக்க உள்ளே போகாது. அதற்கு பவர் வீடர்தான் சரி. ஐந்தடி இடைவெளியில் கரும்பு போட்டிருந்தால் மினி டிராக்டர் நன்றாக வேலை செய்யும்.

இப்போ காசுக் கணக்கு

ஒரு உதாரணம். வருஷத்துக்கு 50 மணி நேர வேலை, வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் செலவு 50,000. சொந்தமாக 2.5 லட்சத்துக்கு பேப்பர் சரியான பழைய வண்டி வாங்கி, ஐந்து வருஷம் கழித்து ஒரு லட்சத்துக்கு விற்றால், வருஷத்துக்கு 30,000 போகும். மணிக்கு இரண்டரை லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்றால் டீசல் சுமார் 11,600. சர்வீஸ், இன்ஷூரன்ஸ், டயருக்கு 15,000. மொத்தம் சுமார் 56,600. ஆக, 50 மணி நேரத்துக்கு வாடகையே மேல். 100 மணி நேரம் வேலை இருந்தால் சொந்த வண்டி ஜெயிக்கும். ஆர்.சி இல்லாத வண்டிக்கு இந்தக் கணக்கே நிற்காது, ஏனென்றால் திரும்ப விற்கும்போது அந்த ஒரு லட்சம் கிடைக்கும் என்று சொல்லவே முடியாது.

புது வண்டியையும் ஒரு தடவை விசாரிங்க. 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கு ஜி.எஸ்.டி 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. நாலு லட்சம் அடிப்படை விலை என்றால் வரியில் மட்டும் 28,000 ரூபாய் மிச்சம். பழைய வண்டிக்காரர் பழைய ரேட்டிலேயே பேசினால் இதைச் சொல்லிக் குறைக்கச் சொல்லலாம்.

வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் கிடைக்கும் மானியம் புது வண்டிக்கு மட்டும்தான். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவிகிதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவிகிதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு உண்டு. பட்டியலின, பழங்குடி சிறு, குறு விவசாயிகளுக்கு மாநில அரசு மேலும் 20 சதவிகிதம் சேர்க்கிறது. கல்வராயன் மலையின் மலையாளி பழங்குடியினர் இதில் வருவார்கள். ஆனால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். நிலப் பேப்பர் இல்லாத குடும்பங்கள் மலையில் நிறைய. பேப்பர் கேட்காத புரோக்கரிடம் அவர்கள் போய் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. குழுவாகச் சேர்ந்தால் வாடகை மையம் அமைக்க மானியம் உண்டு. உழவன் செயலியில் 'இ-வாடகை' மூலம் துறையின் டிராக்டரையே முன்பதிவு செய்யலாம். வெளி வாடகையைவிடக் குறைவு. சீசனில் காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் மழைக்கு முன்பே பதிவு செய்துவிடுங்க.

மொத்தத்தில், வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, ஆர்.சி நம்ம பெயருக்கு மாறுமா, பார்ட்ஸ் கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ கிடைக்குமா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் தாராளமாக வாங்குங்க. ஆர்.சி கேள்விக்கு மட்டும் 'பார்த்துக்கலாம் ப்ரோ' என்று பதில் வந்தால், விலை இன்னும் ஐம்பதாயிரம் குறைந்தாலும் அட்வான்ஸ் அனுப்பாதீங்க.