கால்சட்டை வியாபாரத்திலிருந்து மனநல ஆலோசனைக்கு

மனநல ஆலோசகர் என்றாலே பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பவர் என்ற எண்ணம் நமது கடை வீதிகளில் இன்னும் போகவில்லை. அத்துறையில் உலகப் புகழ் பெற்ற ஒருவர் வியாபாரத்திலிருந்து போனவர் என்பதை வணிக அன்பர்கள் அறிந்துகொள்வது நல்லது. அவர் பெயர் ஆல்பர்ட் எல்லிஸ்.

1913-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். 1934-ல் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றார். அமெரிக்காவே மந்தத்தில் முடங்கிக் கிடந்த காலம் அது. அவரும் தம்பியும் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கினார்கள். சூட்டில் கால்சட்டை முதலில் நைந்துவிடும். கோட்டு நன்றாகவே இருக்கும். அந்தக் கோட்டுக்குப் பொருத்தமான கால்சட்டையை ஏலங்களில் தேடிப் பிடித்துக் கொடுப்பதுதான் வியாபாரம். தேவை அறிந்து சரக்குப் பிடிக்கத் தெரிந்த மனிதர்தான். பிறகு உளவியல் பக்கம் திரும்பி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1947-ல் முனைவர் பட்டம் வாங்கினார்.

இளமையில் அவர் மகா கூச்ச சுபாவி. அதைப் போக்க 19-ஆவது வயதில் ஒரு பூங்காவுக்குப் போய், அங்கே தனியே அமர்ந்திருக்கும் பெண்களிடம் வலியச் சென்று பேசுவதென்று ஒரு மாதம் பயிற்சி வைத்துக்கொண்டார். (நமது ஊரில் செய்தால் என்ன ஆகும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.) 130 பேரை அணுகியதில் 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். 100 பேர் பேசினார்கள். மறுபடி சந்திக்க ஒப்புக்கொண்டவர் ஒரே ஒருவர். அவரும் சொன்ன நாளில் வரவில்லை. வியாபாரக் கணக்கில் இது முழு நஷ்டம். ஆனால் யாரும் போலீசைக் கூப்பிடவில்லை, மறுத்ததால் தமக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று கண்டதே அவருக்கு லாபமாயிற்று. பாக்கி கேட்கப் போய்க் கூசி வாசலோடு திரும்பியவர்களுக்கு இது புரியும்.

அக்காலத்தில் மன வைத்தியம் என்றால், வந்தவரைச் சாய்ந்து படுக்கவைத்துக் குழந்தைப் பருவத்தைப் பற்றி வருடக்கணக்கில் பேசவைப்பது. எல்லிஸும் முதலில் அப்படித்தான் செய்தார். பலன் போதவில்லை என்று கண்டு 1955-ல் தனி முறை வகுத்தார். நடந்த இழப்பு ஒன்று, அதனால் வரும் வேதனை ஒன்று. நடுவே நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் பேச்சு ஒன்று இருக்கிறது, அதைப் பிடி என்றார்.

நம் வழக்கில் சொல்வதானால், கொடுத்த செக் பணமின்றித் திரும்பிவிடுகிறது. "சங்கடம்தான், எங்காவது புரட்ட வேண்டும்" என்று நினைத்தால் கவலை வரும். அந்தக் கவலை ஆளை நாலு இடத்துக்கு ஓடவைக்கும். "என் வாக்கு தவறவே கூடாது, தவறிய பின் நான் மனிதனே இல்லை" என்று நினைத்தால் ஆள் கடையைச் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்துவிடுவார். அதற்கு மேலும் போய்விட்டவர்களை எந்த ஊர்க் கடை வீதியும் அறியும். இரண்டு பேருக்கும் கடன் தொகை ஒன்றுதான். அந்தக் "கூடவே கூடாது" என்ற பிடிவாதத்தைத்தான் எல்லிஸ் குறுக்கு விசாரணை செய்வார்: எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? ஆதாரம் எங்கே? நஷ்டத்தைக் கண்டு சிரிக்கச் சொன்னவர் அல்லர் அவர். வருந்துவது நியாயம், நொறுங்கிப் போக வேண்டாம் என்பதே அவர் வாதம்.

வீட்டுப்பாடமும் உண்டு. மானம் போய்விடும் என்று அஞ்சுகிறவரை, வாழைப்பழத்தில் கயிறு கட்டி நாய்க்குட்டி போல வீதியில் இழுத்துப் போகச் சொல்வார். பார்ப்பவர்கள் சிரித்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போவதை அவரே காண வேண்டுமாம். இதை நமது அங்கத்தினர்களுக்கு நாம் சிபாரிசு செய்யவில்லை. அவர் பேச்சும் கரடுமுரடு; மேடையிலேயே கெட்ட வார்த்தை வரும். எல்லோருக்கும் ஒத்துவரக்கூடிய ஆள் அல்லர்.

2005-ல், தாம் தொடங்கிய நிறுவனத்தின் நிர்வாகக் குழுவிலிருந்தே அவர் நீக்கப்பட்டார். 92 வயதில் வழக்குப் போட்டு, 2006-ல் தீர்ப்புப் பெற்று மீண்டும் உள்ளே வந்தார். மறு ஆண்டு காலமானார்.

அவர் முறையும் அதையொட்டி வளர்ந்த முறைகளும் இன்று நமது நாட்டு ஆலோசகர்களிடமும் புழங்குகின்றன. பல நாளாகத் தூக்கமும் பசியும் கெட்டவர்கள் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். கடையை விட்டு நகர முடியாதவர்கள், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.