முதல் வீடு கட்டும் அங்கத்தினர் கவனத்திற்கு

நம் அங்கத்தினரில் பெரும்பாலோர் ஆயுளில் ஒரே தடவைதான் வீடு கட்டுகின்றனர். பல வருஷச் சேமிப்பும் வாங்கிய கடனும் அதில் முடங்குகின்றன. ஆகையால், வீடு எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும் என்று எண்ணுமுன், பின்னால் எளிதில் மாற்ற இயலாதவை எவை என்று ஆராய்தல் நலம். அவை மனை, அஸ்திவாரம், கூரை என்ற மூன்றே. அறையைப் பின்னர்ச் சேர்க்கலாம். அஸ்திவாரத்தைப் பின்னர்ச் சேர்க்க முடியாது.

மனை: காவேரிப் பாசனப் பகுதியின் பழைய ஊர்நத்தங்கள் வயல்மட்டத்திற்கு மேடாக அமைந்தவை. இக்காலத்தில் வயலைத் தூர்த்து மனையாக்கும் வழக்கம் மிகுந்துவிட்டது. இத்தகைய மனையை வாங்குவோர், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அங்கே நீர் எவ்வளவு உயரம் நின்றது என்று ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து, வீட்டுத் தரை அதற்கு ஒன்றரை அடியாவது மேலே இருக்குமாறு செய்க. வடிகாலை அடைத்து வீடு கட்டுவோர் தம்மோடு அண்டை வீட்டாரையும் வெள்ளத்தில் ஆழ்த்துகின்றனர்.

அஸ்திவாரம்: நமது களிமண் மழையில் பருத்துக் கோடையில் சுருங்கி வெடிக்கும். சுவரில் கோணலாய் ஓடும் வெடிப்புகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சித்திரை வைகாசியில் மனையிலுள்ள வெடிப்பில் ஒரு கம்பியை விட்டு ஆழம் பார்த்து, அதற்கும் கீழே அஸ்திவாரத்தை இறக்குக. தரைமட்டத்தில் எல்லாச் சுவர்களையும் இணைத்துக் கம்பி வைத்த கான்கிரீட் பட்டி இடுதல் அவசியம். உள்ளே கொட்டும் மண்ணை அரையடி கனமாகப் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்த பின்னரே அடுத்த அடுக்கைப் போடுக.

சுவர்: கேரளத்தில் லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் பரவச் செய்த எலிப்பொறிக் கட்டு நமக்கும் ஏற்றது. செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு, ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பும் முறை இது. செங்கல்லில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். வெயிலின் வெப்பமும் உள்ளே குறைவாய் இறங்கும். கற்கள் ஒரே அளவாயும் நன்றாய் வெந்தும் இருத்தல் வேண்டும்.

கூரை: கீற்றுக் கூரை குளிர்ச்சியானது, ஆயினும் அடிக்கடி மாற்ற வேண்டும், தீக்கும் அஞ்ச வேண்டும். 1952, 1977 ஆம் வருஷத்துப் புயல்களும், 2018 நவம்பர் 16 ஆம் தேதி வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயலும் கீற்றையும் ஓட்டையும் ஒருங்கே வாரிச் சென்றன. எனவே ஓர் அறைக்கேனும் கான்கிரீட் கூரை வேண்டும். அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டுத் தட்டோடு பதித்தால் வெப்பம் தணியும்.

சிறிய வீடு குறைவானதன்று. 2024 ஆம் வருஷம் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தின் வீடு 360 சதுர அடியே. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. அதுபோல் முதலில் உறுதியான சிறு வீட்டைக் கட்டி, அறுவடை நன்றாய் அமைந்த வருஷங்களில் விரிவுபடுத்துக.

நன்செயை ஈடு வைத்து மாடி எழுப்புவோர், மாடியிலிருந்து பிறர் உழும் தம் வயலைப் பார்க்க நேரிடலாம். மதிப்பீட்டை முதலில் எழுதி, அதில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கி, தவணையை வருஷ வருமானத்தோடு ஒப்பிட்ட பின்னரே கடன் மனு எழுதுக.