தனியாக ஒரு பைக்கில் இலங்கை மலைப்பாதை



நம்ம ஊர்ல சைக்கிளுக்கு கியரே தேவையில்லை. ராமநாதபுரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் போனாலும், ஏற்றம் என்று சொன்னால் பாம்பன் பாலம் ஒன்றுதான். ஆனால் அந்த அரிச்சல்முனையிலிருந்து சுமார் 30 கி.மீ. கடலைத் தாண்டினால் இலங்கை. அந்தத் தீவின் நடுவில் 2,524 மீட்டர் உயரத்தில் பீதுருதாலகால மலை நிற்கிறது!

என் மாமா டூவீலர் மெக்கானிக். 2024 ஜனவரியில் அந்த மலைப்பாதைகளில் 7 நாள், சுமார் 1,000 கி.மீ., தனியாக பைக் ஓட்டிவிட்டு வந்தார். அவரிடம் கேட்டதையும், நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. எப்படிப் போவது?

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபோது தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து போன கப்பலும் 1980-களில் போரினால் நின்றுவிட்டது. அதனால் எதிரே இருக்கும் நாட்டுக்குப் போக, மாமா மதுரைக்குப் போய் விமானம் ஏறி கொழும்பில் இறங்கினார்.

சொந்த பைக்கை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக சுங்க ஆவணம், டெபாசிட் என்று செலவு அதிகம். அதனால் அங்கேயே ஒரு 150 சிசி வண்டியை வாடகைக்கு எடுத்தார். நம்ம ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச ஓட்டுநர் உரிமம் தருவார்கள். ஒரு வருடம் செல்லும். அதை வைத்து அந்த நாட்டு அனுமதியும் வாங்க வேண்டும். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். எக்ஸ்பிரஸ்வேயில் மட்டும் பைக்குக்கு அனுமதி கிடையாது.

அவர் போன வழி: கொழும்பு – கண்டி – மகியங்கனை – பதுளை – எல்ல – நுவரெலியா – ரம்பொடை – கண்டி – மாத்தளை – தலைமன்னார். அங்கிருந்து திரும்பக் கொழும்பு.

2. மலைப்பாதை ஏன் வளைந்து வளைந்து போகிறது?

மூட்டையை லாரியில் ஏற்றப் பலகை போடுவார்கள் அல்லவா? பலகை நீளமாக இருந்தால் ஏற்றுவது சுலபம். மலைப்பாதையும் அப்படி ஒரு நீளமான பலகைதான். 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும், 15 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிற சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 கி.மீ. நீளத்துக்குப் பாதை வேண்டும். மலையில் நேராக 15 கி.மீ. போக இடம் ஏது? அதனால்தான் பாதையை மடித்து மடித்துப் போடுகிறார்கள். அந்த மடிப்புதான் கொண்டை ஊசி வளைவு. நம்ம கொல்லிமலையில் 70 வளைவு, வால்பாறையில் 40. கண்டி – மகியங்கனை ரோட்டுக்கு '18 வளைவு ரோடு' என்றே பெயர்.

3. ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து!

இதுதான் கட்டுரையில் முக்கியமான இடம். கொஞ்சம் கணக்குப் போடுவோம். வண்டியும் ஆளும் சேர்ந்து 220 கிலோ. 1,000 மீட்டர் கீழே இறங்கினால் நிலை ஆற்றல் (நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்) சுமார் 22 லட்சம் ஜூல் வெளியே வரும். இது 7 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு வெப்பம்! பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே இறங்கினால் கிட்டத்தட்ட இவ்வளவு சூடும் பிரேக்கில்தான் போய்ச் சேரும். சூடு ஏற ஏற பிரேக்கின் பிடிப்பு குறையும். டிஸ்க் பிரேக் என்றால் ஆயிலே கொதித்து, லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும்.

மாமா சொன்னது: "மாப்ள, எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கு. வண்டிய எஞ்சின் புடிச்சு நிறுத்தும். பிரேக்க விட்டு விட்டு அமுக்கு. நியூட்ரல்ல மட்டும் விட்றாத."

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இதை நன்றாகப் படிக்கவும். 2025 மே மாதம் அதே நுவரெலியா – கம்பளை ரோட்டில், கொத்மலைக்குப் பக்கத்தில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையில் ரோட்டை விட்டு விலகினால் பக்கத்தில் இருப்பது நம்ம ஊர் மாதிரி மணல் இல்லை.

4. மேலே போனால் என்ன மாறும்?

1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குளிர் கூடும். நுவரெலியா 1,868 மீட்டர். அப்படியானால் இங்கே 30 டிகிரி இருக்கும்போது அங்கே 18 டிகிரிதான். ஓடுகிற வண்டியில் காற்று அடித்தால் இன்னும் குளிரும். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. அதனால் கையுறை கட்டாயம். அந்த உயரத்தில் காற்றழுத்தமும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குக் காற்று போதாமல் இழுவை குறையும். வண்டி ரிப்பேர் என்று பயந்துவிடக் கூடாது.

5. தனியாகப் போகிறவர் கவனிக்க வேண்டியவை

* வளைவுக்கு முன்னால் ஹாரன். ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும்.
* வளைவில் பள்ளத்தைப் பார்க்காமல், போக வேண்டிய ரோட்டைப் பார்க்க வேண்டும். பார்வை போகிற பக்கம்தான் வண்டி போகும்.
* மாலையில் பனிமூட்டம் இறங்கும். இருட்டுவதற்கு முன்னால் தங்கிவிட வேண்டும்.
* தினமும் புறப்படும்போதும், போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு போன். (அம்மாச்சி போட்ட கண்டிஷன் இது. ஒருநாள்கூட மாமா தவறவில்லை.)
* மழைக் காலத்தில் போகவே கூடாது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் இந்த மலைகளில் பெரிய நிலச்சரிவுகள் ஏற்பட்டன. நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பல ரோடுகள் அறுந்துபோயின.

6. இந்தப் பாதைகளைப் போட்டது யார்?

வெள்ளைக்காரர்கள் 1820-களில் கண்டி மலைக்கு ரோடு போட ஆரம்பித்தார்கள். கட்டாய வேலை செய்த கண்டி மக்களின் உழைப்பு அதில் இருக்கிறது. நம்ம பக்கத்து ஆட்களின் உழைப்பும் இருக்கிறது. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, திருநெல்வேலி சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் ரோடு வெட்டினார்கள். காப்பித் தோட்டம் போட்டார்கள். பிறகு தேயிலை. தோணியில் கடலைக் கடந்து, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே போனார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். நமக்குத் தெரிந்த மண்டபம் கேம்ப், பின்னாளில் இப்படித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களைச் சோதித்து அனுப்பிய இடம்தான்.

2023-ல் மலையகத் தமிழர்களின் 200-வது ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடைப்பயணம் போனார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதே தூரத்தை மாமா பைக்கில் ஒரே பகலில் கடந்துவிட்டார். தலைமன்னாரில் வண்டியை நிறுத்தி நம்ம கரைப் பக்கம் பார்த்ததாகச் சொன்னார். "கண்ணுக்குத் தண்ணிதான்டா தெரிஞ்சுச்சு. ஆனா அங்கன பேசுற தமிழக் கேட்டா வெளிநாடுன்னே தோணல" என்றார்.

நண்பர்களே, 18 வயதும் லைசென்சும் வந்த பிறகு நாமும் போகலாம். ஹெல்மெட் போட இன்றைக்கே பழகலாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிற பாதையில் 1,800 மீட்டர் உயரம் ஏற எத்தனை கி.மீ. ரோடு வேண்டும்? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்கள்.



– பதினோராம் வகுப்பு மாணவன், 'அ' பிரிவு