தங்கச்சிமடத்துக்கு எந்த ஆம்ப் மாடலர்?

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டுல ஆரம்பிச்சது. தங்கச்சிமடத்துல இருக்கிற என் சித்தி பையன் அனுப்பினது: "அண்ணே, ஏப்ரல் 15 தடைக்காலம் ஆரம்பிச்சிரும். 61 நாள் போட் கடலுக்குப் போகாது. கையில இருக்கிற காசு கரையறதுக்குள்ள ஒரு ப்ராசஸர் வாங்கிரணும். எதை வாங்க?"

அவன் விசைப்படகுல வேலைக்குப் போறவன். ஞாயித்துக்கிழமை கோயில் பாடகர் குழுவுல கிட்டார். வீட்டுல ரெக்கார்ட் பண்ணவும் ஆசை. தப்பா வாங்கிட்டா இன்னொண்ணு வாங்க அடுத்த வருஷம்தான். அதனால நானும் கொஞ்சம் யோசிச்சுத்தான் பதில் சொன்னேன்.

முதல்ல, இந்தப் பெட்டி என்ன செய்யுது? ஒரு கிட்டார் ஆம்ப்புல ப்ரீஆம்ப், பவர் ஆம்ப், ஸ்பீக்கர் கேபினட்னு மூணு பகுதி. ஸ்டுடியோவுல அதுக்கு முன்னாடி ஒரு மைக். நாம ஆல்பத்துல கேக்குறது இந்த நாலும் சேர்ந்த சத்தம். மாடலர் இந்த நாலையும் கணக்கா மாத்தி ஒரு சிப்புக்குள்ள ஓட்டுது. 1998-ல வந்த லைன் 6 பாட் இதைப் பரவலாக்குச்சு. 2006-ல ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் வந்தப்ப மேடைக் கலைஞர்களும் நம்ப ஆரம்பிச்சாங்க.

இதுல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சர்க்யூட்டைப் புரிஞ்சுக்கிட்டு அதைக் கோடா எழுதுறது. இன்னொண்ணு, உண்மையான ஆம்ப்புக்குள்ள சிக்னல் அனுப்பி, வெளிய வர்றதை வச்சு அதோட குணத்தைப் பதிவு பண்றது. கெம்பர், க்வாட் கார்டெக்ஸ் எல்லாம் ரெண்டாவது வழிக்குப் பேர் போனவை. லேப்டாப் இருந்தா நியூரல் ஆம்ப் மாடலர்ங்கிற ஓப்பன் சோர்ஸ் ப்ளகின் அதையே இலவசமா செய்யும்.

இப்ப என் கதை. போனஸ் வந்த வருஷம் பெரிய யூனிட் ஒண்ணு வாங்கினேன். ரூம்ல ஹெட்ஃபோன் போட்டு ரெண்டு வாரம் டோன் செதுக்கினேன். அதைத் தூக்கிட்டு ஊர்த் திருவிழாவுக்குப் போனா, பெரிய ஸ்பீக்கர்ல ஒரே கும்முனு இருக்கு. காரணம் எளிது. சின்ன சத்தத்துல நம்ம காதுக்கு பேஸ் குறைவாக் கேக்கும், அதனால ரூம்ல ஏத்தி வச்சிருப்போம். சத்தம் கூடினா அந்த பேஸ் எல்லாம் பொங்கிரும். அது போதாதுன்னு கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறின ஒரு நொடியில யூனிட் ரீபூட் ஆயிருச்சு. திரும்ப வர்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சு போச்சு.

அதனால தம்பிகிட்ட பிராண்ட் பேசல. நாலு கேள்வி கேட்டேன்.

1. சத்தம் எங்க வெளிய வருது? கோயில் மிக்சருக்கு நேரா போகுதுன்னா கேபினட் சிமுலேஷன் ஆன்ல இருக்கணும். கிட்டார் ஆம்ப்புல செருகினா ஆஃப். இதை மாத்தி வச்சிட்டு "டோன் மோசம்"னு யூனிட்டை விக்கிறவங்க நிறைய.

2. ரெக்கார்டிங் எப்படி? யூஎஸ்பி போர்ட் இருந்தா மட்டும் பத்தாது. சிலதுல அது எடிட்டிங்குக்கு மட்டும்தான், ஆடியோ போகாது. லேப்டாப் ப்ளகின் வழியா கேட்டு வாசிச்சா லேட்டன்சியும் பாக்கணும். 48,000 சாம்பிள் ரேட்ல 256 பஃபர் வச்சா ஒரு பக்கத்துக்கு 5.3 மில்லிசெகண்ட். போக வர பத்தைத் தாண்டும். ஆம்ப்பை விட்டு மூணரை மீட்டர் தள்ளி நின்னு வாசிக்கிற மாதிரி.

3. கரண்ட்? ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் அருமையான யூனிட், ஆனா 9 வோல்ட்ல 3 ஆம்பியர் தர்ற அடாப்டர் வேணும். பாஸ் ஜிடி-1 நாலு ஏஏ பேட்டரியில ஓடும்.

4. உப்புக்காத்து. இதை எந்த ரிவ்யூவும் சொல்லாது. 1914-ல திறந்த பாம்பன் பாலத்தை இத்தனை வருஷம் அரிச்சது இதே காத்துதான். அரிப்பை ஆராயறதுக்குன்னே காரைக்குடி சிக்ரி மண்டபத்துல நிலையம் வச்சிருக்கு. தம்பியோட பழைய ஆம்ப் செத்ததும் அப்படித்தான், ஜாக் பூரா பச்சை பூத்து கரகரன்னு. அங்க விலை கூடின பெட்டிக்கும் அதே காத்துதான். மூடி இறுக்கமான டப்பா, சிலிக்கா ஜெல், அப்பப்போ கான்டாக்ட் க்ளீனர். வாசிச்சு முடிச்சா உள்ள வச்சிரணும்.

பதிலைக் கேட்டா முடிவு தானா வந்திருச்சு. மிக்சருக்குப் போகும், யூஎஸ்பியில ஆடியோ வேணும், கரண்டை நம்ப முடியாது, சின்னதா டப்பாக்குள்ள அடங்கணும். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜிடி-1 வாங்கினான். க்வாட் கார்டெக்ஸ் அளவுக்கு டோன் வருமா? வராது. ஆனா பூசை நடுவுல கரண்ட் போனாலும் அவன் பெட்டி நிக்காது.

ஒண்ணே ஒண்ணு சொல்லி வச்சேன்: "டோனை வீட்டுல செட் பண்ணாத. கோயில் ஸ்பீக்கர்ல, முழுச் சத்தத்துல பண்ணு."

பண்ணியிருக்கான். மிச்சக் காசைத் தடைக்காலச் செலவுக்குன்னு சித்தி கையில குடுத்துட்டானாம். நீங்க வாங்குறதுக்கு முன்னாடி இந்த நாலு கேள்வியையும் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.