உப்புநீரும் ரிமோட் படகும்

வானொலி அலைகளால் கரையிலிருந்து இயக்கப்படும் மாதிரிப் படகுகளைப் பழுதாக்குவது பெரும்பாலும் மோதலோ கவிழ்தலோ அன்று. ஓட்டம் முடிந்தபின் உள்ளே தங்கிவிடும் நீரே. கடல்நீரில் எடையளவில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு கரைந்திருப்பதால் அது மின்சாரத்தை நன்கு கடத்துகிறது. ஆகவே பேட்டரி இணைந்த நிலையில் மின்சுற்றுப் பலகையில் அந்நீர் பட்டால், நேர்மின் பக்கத்துச் செப்புத்தடம் மின்பகுப்பினால் கரையத் தொடங்குகிறது.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும், கட்டளையைப் பெறும் ரிசீவரும் இவ்வாறே கெடுகின்றன. இவற்றின் பலகைகளைத் துடைத்து உலர்த்திச் சிலிக்கோன் அல்லது அக்ரிலிக் காப்புப்பூச்சு பூசுவது வழக்கம். எனினும் இணைப்பு முனைகளில் அது பட்டால் மின்தொடர்பு தடைபடும் என்பதால், அங்கே மின்கடத்தாக் கிரீஸே பொருந்தும். ரிசீவரைப் பலூனுக்குள் கட்டிவைக்கும் பழைய உத்தி மலிவானதுதான். ஆனால் உள்ளே அடைபட்ட ஈரம் குளிர்ந்து துளியாவதை அது தடுப்பதில்லை.

சுழல்தண்டின் சிக்கல் வேறு வகையானது. வேகப் படகுகள் பலவற்றில் எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த, வளையக்கூடிய தண்டு குறுகிய குழாய்க்குள் சுழல்கிறது. கம்பியிடுக்குகளில் நீர் தங்கினால், வெளியே தெரியாமல் துரு முற்றித் தண்டு அறுந்துவிடுகிறது. துருப்பிடிக்கா எஃகும் முழுக் காப்பு அன்று. அதைக் காக்கும் குரோமிய ஆக்சைடுப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் தேவை, தேங்கிய உப்புநீரிலோ அது அரிது. ஆதலால் ஓட்டம் முடிந்ததும் நன்னீரில் அலசி, தண்டை உருவித் துடைத்து உலர்த்தி, நீரில் எளிதில் கரைந்தோடாத கிரீஸைத் தடவ வேண்டும். பழைய கிரீஸை நீக்காமல் புதியதைப் பூசினால் உப்பும் உள்ளேயே அடைபடும்.